நாடா இல்லாத பேன்ட்: கூர்நோக்கு இல்லத்தில் எங்கள் பையன் இருந்த 19 நாள்

எங்கள் அக்கா மகன் 16 வயதில் 19 நாள் ஓர் அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். வழக்கில் மாட்டிய 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை விசாரணை நடக்கும்போது வைத்திருக்கிற இடம் அது. அங்கே பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், எது நன்றாக இருக்கிறது, எது பயப்படும்படி இருக்கிறது என்று வீட்டு ஆளாக நின்று எழுதுகிறேன். இல்லத்தின் பெயரும் ஊரும் இதில் இருக்காது. இப்படி வழக்கில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 74 சொல்கிறது. ஊர் பெயரைப் போட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. அது கெடக் கூடாது.

நான் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவனுக்கு நான் சித்தி. அக்கா சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். அக்கா வீட்டுக்காரர் போன வருடம் இறந்துபோனார். அதிலிருந்து பையனுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டு, ஐந்து மாதமாக ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தான். கொஞ்சம் தேறி வந்த நேரத்தில்தான் இது நடந்தது. தெருமுனை வீட்டு 19 வயதுப் பையனோடு சேர்ந்து யாருடைய வண்டியையோ எடுத்துவிட்டார்கள். பூட்டை உடைத்தது இவன் இல்லை. ஆனால் கூட நின்றான், பின்னால் ஏறி உட்கார்ந்தான். தப்பு தப்புதான், அதை மறைக்க இதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் சாதாரண உடையில் வந்து கூட்டிப்போனார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு விலங்கு போடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இந்த மூன்றும் எங்கள் விஷயத்தில் ஒழுங்காகவே நடந்தன. பொதுவாக இந்த மாதிரி சின்ன வழக்குகளில் சிறுவர்கள் மேல் எஃப்ஐஆரே போடக் கூடாதாம். பெரியவர் ஒருவரும் சேர்ந்து செய்திருந்தால் போடலாம். அந்த 19 வயதுப் பையனால் இவனுக்கும் எஃப்ஐஆர் வந்தது.

சாயங்காலம் குழுமத்துக்கு வரச் சொன்னார்கள். கோர்ட் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு போனோம். உயர மேடை எல்லாம் இல்லை. ஒரு மேஜை, ஒரு மாஜிஸ்திரேட், சமூக சேவகர்கள் இரண்டு பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அம்மா பையனிடம் முதலில் கேட்டது, “மத்தியானம் சாப்பிட்டியாப்பா?” என்றுதான். அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் மறக்க மாட்டேன். வெளியே விட்டால் அதே சகவாசத்துக்குத் திரும்பப் போவான் என்று அன்றைக்கு ஜாமீன் தரவில்லை. அதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது.

ஆனால் ஒன்றை யாருமே கேட்கவில்லை. பிள்ளை ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா என்று. போலீசும் கேட்கவில்லை, இல்லத்து வாசலில் பெயர் எழுதியவரும் கேட்கவில்லை. நாங்களும் அழுத அழுகையில் சொல்லவில்லை. அந்த மறதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இல்லத்து வாசலில் பெல்ட், வாட்ச், கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வாங்கினார்கள். அப்புறம் அரைஞாண் கயிற்றையும் அறுக்கச் சொன்னார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது கட்டியதிலிருந்து அவன் இடுப்பு கயிறு இல்லாமல் இருந்ததில்லை. அக்கா “அது மட்டும் இருக்கட்டும் சார்” என்று கெஞ்சினாள். ஒத்துக்கொள்ளவில்லை. டிராக் பேன்ட் நாடாவையும் உருவிவிட்டார்கள். நாடா போன பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்தான். நான் பார்த்த கடைசி காட்சி அதுதான், பேன்ட்டைப் பிடித்த அந்தக் கை.

எதற்காக நாடாவை உருவுகிறார்கள் என்று பஸ்சில் வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் ராத்திரி அவனுக்கு இரண்டு பேன்ட் தைத்தேன். நீல டெரிகாட்டன், இடுப்புப் பட்டியில் ஒண்ணேகால் இன்ச் எலாஸ்டிக், எலாஸ்டிக் உருவ வராதபடி நாலு வரிசைத் தையல். நாடா கிடையாது, பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டதால் பக்கத்து வீட்டுக்கு மிஷின் சத்தம் கேட்கக் கூடாதென்று கீழ் மடிப்பை மட்டும் கையால் ஹெம்மிங் போட்டேன். அந்தக் கைத்தையல்தான் பின்னால் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது.

பிள்ளையைப் போய்ப் பார்க்கிறதை அங்கே மனு என்கிறார்கள். எங்களுக்குச் சொன்ன மனு நாள் புதனும் ஞாயிறும். ஞாயிறு காலை இரண்டு மணி நேர பஸ். வாசலில் ஒரு பெண் காவலர் என் பேன்ட்டை வாங்கி இடுப்புப் பட்டியை விரலால் அழுத்தி அழுத்தி ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார், மடிப்பைத் திருப்பிப் பார்த்தார், பாக்கெட்டை வெளியே இழுத்தார். முதலில் கோபம் வந்தது. பார்க்கப் பார்க்க நிம்மதி வந்தது. என் கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பெண்கள்கூட அவ்வளவு கவனமாகத் துணியைப் பார்க்க மாட்டார்கள். பொருள் உள்ளே போவதைத் தடுக்கும் விஷயத்தில் அந்த இல்லத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அந்த அக்கறை மருந்து விஷயத்தில் இல்லை. மாத்திரை அட்டையையும் ஓபி சீட்டையும் நீட்டியபோது, வெளி மருந்து வாங்க மாட்டோம், டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், அவர் எழுதினால்தான் கொடுக்க முடியும் என்றார்கள். வெளியிலிருந்து வரும் மாத்திரையை அப்படியே கொடுக்கக் கூடாது என்ற விதி சரியான விதிதான். யார் என்ன கொண்டுவருவார்கள் என்று தெரியாது. ஆனால் அப்படி விதி வைத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அதே மருந்தை வாங்கிக் கொடுக்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லை. ஞாயிறு என்பதால் ஆபீசில் முடிவெடுக்கக்கூடியவர் யாரும் இல்லை.

பையன் வந்து உட்கார்ந்தான். கண் கீழே கறுத்துப்போயிருந்தது. “சித்தி, தலையத் திருப்பினா உள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு” என்றான். ராத்திரி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அப்படி வரும், தலைசுற்றும், படபடப்பு வரும், தூக்கம் இன்னும் கெடும் என்று ஓபியில் டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். அதை அங்கே யாரிடம் சொல்வது? காவலர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை.

இதை உடைத்தது நன்னடத்தை அலுவலர். பிள்ளையின் குடும்பம், படிப்பு, சூழ்நிலை பற்றி இரண்டு வாரத்துக்குள் குழுமத்துக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. திங்கட்கிழமை அதற்காக அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா மாத்திரை பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஓபி சீட்டை போனில் படம் எடுத்தார். செவ்வாய் காலை டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் பையனைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். அன்று ராத்திரிதான் மாத்திரை கிடைத்தது. நாலு ராத்திரி போன பிறகு. இந்த 19 நாளில் மிக நல்ல சேவை எது என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். ஆனால் அவர் ஒரு நாள் லீவு போட்டிருந்தால் ஐந்து ராத்திரி ஆகியிருக்கும். இது ஓர் ஆளின் நல்ல மனசை நம்பி நடக்கிற விஷயமாக இருக்கக் கூடாது.

புதன்கிழமை மனுவுக்குப் போனபோது அவன் நான் தைத்த பேன்ட்டைப் போட்டிருந்தான். இடது கால் மடிப்பு முழுக்க அவிழ்ந்து தொங்கியது. எதிலோ மாட்டிக் கிழிந்திருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கிழியவில்லை. தையல் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. துணியில் ஒரு கீறல் இல்லை, நூலை இழுத்த தடம் இல்லை. பிரிக்கிற ஊசி வைத்துக்கொண்டு நான் பிரித்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது. நகத்தால் செய்திருக்கிறான். கால் சுற்றளவு 15 இன்ச். இன்ச்சுக்கு 6 தையல் போட்டிருந்தேன். 90 தையல், மூன்று ராத்திரியில்.

“இது என்னடா?” என்று கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “தூக்கம் வரல சித்தி. கைக்கு ஏதாச்சும் வேணும்” என்றான்.

அந்த ராத்திரிகளைப் பற்றி அவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். ஒரே ஹாலில் 31 பேர். சாயங்காலம் ஆறரைக்கு உள்ளே விட்டுப் பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். 13 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒன்றாகப் படுக்கிறார்கள். வயது பார்த்து, உடல் நிலை மன நிலை பார்த்து, வழக்கின் தன்மை பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அங்கே இடமில்லை என்று சேர்த்தே வைத்திருந்தார்கள். பாத்ரூம் ஹாலின் கடைசியில் ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம். கேமரா ஹாலில் இருக்கிறது, அந்தத் திருப்பத்தில் இல்லை. பெரிய பையன்கள் நாலைந்து பேர் அங்கேதான் படுப்பார்களாம். முதல் மூன்று ராத்திரியும் எங்கள் பையன் சிறுநீரை அடக்கிக்கொண்டு விடியும்வரை முழித்துக் கிடந்திருக்கிறான். யாரும் அவனை அடிக்கவில்லை. அடிப்பார்களோ என்ற பயமே போதுமானதாக இருந்திருக்கிறது.

பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட பெற்றோருக்கு இந்தப் பயம் காரணமில்லாமல் வருவதில்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பிள்ளை ஒருவன் உள்ளே போன சில நாளிலேயே இறந்துபோனான். அங்கே வேலை பார்த்த ஆறு பேர் கைதானார்கள். அதற்கு அப்புறம் இந்த இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அக்கா அந்தச் செய்தியை அப்போதே டிவியில் பார்த்தவள். 19 நாளும் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு படுத்தாள். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் என்னிடம் கொடுத்து எடுக்கச் சொல்வாள்.

ராத்திரி விஷயத்தில் உதவியது வெளி ஏஜென்சி மூலம் வந்த ஒரு வயசான காவலர். பிள்ளைகள் எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாலாவது ராத்திரி இவன் முழித்துக் கிடப்பதைக் கம்பிக்கு வெளியிலிருந்து அவர் பார்த்திருக்கிறார். அதட்டவில்லை. “பாத்ரூம் போவணும்னா ஒரு குரல் குடு. நான் அந்த வெளி ஜன்னல்கிட்ட வந்து நிக்கிறேன்” என்றிருக்கிறார். அன்றிலிருந்து நாற்காலியைத் தூக்கி அந்த ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டாராம். அவ்வளவுதான் செய்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்து யாரும் அதைச் சொல்லித்தரவில்லை, அவருடைய வேலைப் பட்டியலிலும் அது இருக்காது. அவர் முறை இல்லாத ராத்திரிகளில் நாற்காலி பழைய இடத்துக்கே போய்விடும் என்று பையன் சொன்னான்.

மனநல ஆலோசனை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தான். இல்லத்துக்கு ஓர் ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர் இருக்கிறார். பிள்ளைகள் மேடம் என்று கூப்பிடுகிறார்கள். ஒப்பந்த வேலை, வேறோர் இல்லத்தையும் அவரே பார்க்க வேண்டும் என்பதால் இங்கே செவ்வாயும் வெள்ளியும் மட்டும். சின்ன வயசுப் பெண், முப்பதுக்குள்தான் இருக்கும். எங்கள் பையன் அவரை முதலில் பார்த்தது ஐந்தாம் நாள். பேசுகிற இடம் பீரோ வைத்து மறைத்த ஒரு மூலை, கதவு இல்லை, அந்தப் பக்கம் ஆபீஸ். வாசலில் ஒரு காவலர் நிற்பார். அந்த இடத்தில் எந்தப் பிள்ளை வாயைத் திறந்து பெரிய பையன்களைப் பற்றிச் சொல்லும்?

ஆனாலும் அவர் கெட்டிக்காரர். என்ன தப்பு செய்தாய், ஏன் செய்தாய் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. “ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் கலையுது?” என்று கேட்டிருக்கிறார். அதுவரை எல்லாரும் வண்டியைப் பற்றியே கேட்டதால் இவன் தலையாட்டிக்கொண்டே இருந்தவன், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறான். கலையவே இல்லை, வந்தால்தானே கலையும் என்று. அங்கிருந்து பேச்சு அவன் அப்பாவிடம் போயிருக்கிறது. அப்பா இறந்த நாள் பற்றி எங்கள் யாரிடமும் பேசாததை அவரிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறான். ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்றும் நேராகவே கேட்டாராம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, கேட்டால்தான் பிள்ளைக்குப் பாரம் இறங்கும் என்று அவர் அக்காவுக்கு விளக்கினார். காவலில் முதல் சில நாள்தான் மிக ஆபத்து, புது இடம், வெட்கம், வீட்டு நினைப்பு எல்லாம் சேர்ந்து அழுத்தும் என்றார். அந்த முதல் நாட்களில்தான் அவர் இல்லத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே வரும் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஆள். இதை அவரே கண்கலங்கச் சொன்னார். இந்தச் சேவையைப் பற்றி என் முடிவு இதுதான்: ஆள் அருமை, நேரமும் இடமும் போதவே போதாது. முதல் ராத்திரிக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையிடமும் கதவு மூடிய அறையில் ஒரு பத்து நிமிடம் பேச ஏற்பாடு வேண்டும். மருந்து சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, யாரைக் கண்டாவது பயமா, சாகத் தோன்றுகிறதா. நாலு கேள்வி.

அடுத்த ஞாயிறு, அதாவது பத்தாம் நாள், வலது கால் மடிப்பைப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. பதின்மூன்றாம் நாள் விரல் வைத்துப் பார்த்தேன். அதே நாலு விரல். பதினேழாம் நாளும் அதே. மாத்திரை, தாத்தாவின் நாற்காலி, அந்த மேடம். இதில் எது அவன் கையை நிறுத்தியது என்று என்னால் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே வாரத்தில் கிடைத்தன.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முட்டை கிடைத்தது, சோறு வயிறு நிறையக் கிடைத்தது. சாம்பார் தண்ணியாக இருக்கும் என்றான், எந்த விடுதியில்தான் இல்லை. கேரம் போர்டு இருக்கிறது, காலையில் யோகா உண்டு. படிப்புதான் பேருக்கு நடக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சத்தம் போட்ட பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைத்ததை இவன் ஒரு தடவை பார்த்திருக்கிறான். அடியில்லையே என்று சிலர் சொல்லலாம். ஒழுங்குபடுத்துகிறோம் என்று வேண்டுமென்றே உடலுக்கு வலி கொடுப்பதும் சட்டப்படி உடல் தண்டனைதான். இல்லத்து ஊழியர் அதைச் செய்தால் பிரிவு 82 பாயும், முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. கொடுமை என்கிற அளவுக்குப் போனால் பிரிவு 75, இல்லத்தை நடத்துகிறவருக்கோ அங்கே வேலை பார்ப்பவருக்கோ ஐந்து வருடம் வரை கடுங்காவல். இதை நான் பயமுறுத்த எழுதவில்லை. பெற்றோர் பலருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

புகார் சொல்ல ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஆபீஸ் வாசலுக்கு நேர் எதிரே. பிள்ளைகள் சுலபமாகப் போகிற இடத்தில் வைக்க வேண்டும், வாரம் ஒரு முறையாவது திறக்க வேண்டும், சாவி இல்ல மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆனால் அதில் சீட்டு போட்டால் கண்காணிப்பாளர் முதல் சமையல்காரர் வரை பார்ப்பார்கள். இவன் இருந்த நாளில் யாரும் அதன் பக்கமே போகவில்லையாம். அதைக் கழற்றி அந்தப் பாத்ரூம் திருப்பத்துக்கு இந்தப் பக்கச் சுவரில் மாட்டினால் போதும். ஒரு துளையும் இரண்டு ஸ்க்ரூவும்தான் செலவு.

வக்கீலுக்கு நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுப்பது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. வந்த வக்கீலம்மா வேகமாக வேலை பார்த்தார். பதினோராம் நாள் ஜாமீன் கிடைத்தது, ஆனால் சொத்துப் பத்திரம் உள்ள இரண்டு பேர் ஜாமீன்தாரராக வேண்டும் என்றார்கள். எங்கள் சொந்தத்தில் பத்திரம் வைத்திருப்பவர் யார்? ஏழு நாளாகியும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால் பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்றிக் கேட்கலாம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 12-லேயே இருக்கிறது. அதை அவர் எடுத்துச் சொன்னார். பதினெட்டாம் நாள் அக்காவின் சொந்தப் பிணையே போதும் என்று மாற்றினார்கள். ஏழைப் பிள்ளை ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடக்கிற அந்த ஏழு நாளைக் குறைக்க வழியிருந்தால் நன்றாக இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு ராத்திரி.

செவ்வாய்க்கிழமை வெளியே வந்தான். வாசலில் பெல்ட்டையும் வாட்சையும் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா புது அரைஞாண் கயிறு வாங்கி வைத்திருந்தாள், பஸ் ஸ்டாண்டிலேயே கட்டிவிட்டாள். முதல் இரண்டு வாரம் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான். பாத்ரூம் போகும்போது குரல் கொடுத்துவிட்டுப் போவான். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, “ம், போய்ட்டு வா” என்று பதில் குரல் மட்டும் கொடுப்போம். இப்போது ஓபிக்கு மாதம் ஒரு தடவை போகிறான். வழக்கு நடக்கிறது. நாலு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தேவையானால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படி ஒரு நிலைமையில் மாட்டிக்கொண்ட வீட்டு ஆட்களுக்கு: பிள்ளை மருந்து சாப்பிட்டால், ஓபி சீட்டின் நகலைக் குழுமத்தின் முன்னாலேயே கொடுங்கள், அதில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ வலிப்புக்கோ சாப்பிடுகிற மருந்துக்கும் இதேதான். நன்னடத்தை அலுவலரின் பெயரை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். எலாஸ்டிக் பேன்ட் இரண்டு கொண்டுபோங்கள். வக்கீலுக்கு 15100, பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098. வெளியே இருக்கிற அம்மா அப்பாவுக்கும் மனசு தாங்காது, அதற்கு 14416 இருக்கிறது, ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசுகிறார்கள். அக்கா ஏழாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு அந்த நம்பரில்தான் அழுதாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

போன மாதம் கண்காணிப்பாளருக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்து, முதல் ராத்திரிக் கேள்வி, பெட்டி, பாத்ரூம் திருப்பத்துக்கு ஆள், எல்லாம் அதில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக் குழு வர வேண்டும், அதில் ஒரு டாக்டரும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்கள் வரும்போது இந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன். அவர் பொறுமையாகப் படித்தார். பெட்டியை மாற்றிவிடலாம், மற்றதற்கு மேலே எழுத வேண்டும் என்றார். கடைசி பக்கத்தில் ஒரு வரியைக் கண்டு நிறுத்தி, “இது என்னம்மா, மடிப்பைப் பார்க்கணும்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார்.

நான் பையிலிருந்து அந்த நீல பேன்ட்டை எடுத்து மேஜை மேல் விரித்தேன். வலது காலை அப்படியே வைத்திருந்தேன், தைக்கவில்லை. துணி துவைக்கப் போடுகிற நாளில் உங்கள் ஆட்கள் ஒவ்வொரு பிள்ளையின் மடிப்பையும் காலரையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும் சார், தையல் பிரிந்திருந்தால் திட்ட வேண்டாம், அந்தப் பிள்ளையை அன்றைக்கே மேடத்திடம் அனுப்புங்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். அவர் பிரிந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மணியடித்து, துணி பொறுப்பில் இருப்பவரை வரச் சொன்னார்.